அது எங்க நாய் இல்லீங்க

தூய்மைப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த வார்த்தை உங்கள் காதில் விழுந்திருக்கும். நீங்கள் விசில் ஊதிக் குப்பை கேட்பீர்கள். நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்து வரும். அதன் பின்னால் சாவகாசமாக ஒரு குரல் வரும். "ஒண்ணும் பண்ணாதுங்க, வாங்க." இத்தனை வருடத்தில் இதை நாயைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள். மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொல்வார்கள்.

கடித்த பிறகு அவர்களிடம் வேறு வார்த்தை இருக்கிறது. "அது எங்க நாய் இல்லீங்க."

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள். பேரூராட்சியில் துடைப்பத்தோடு சேர்ந்தேன், தள்ளுவண்டி தள்ளினேன், கடைசிச் சில வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றேன். "உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதிக் குடுங்கக்கா, புதுசா வந்த பசங்க படிக்கட்டும்" என்று கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. சரி, அதையே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு நாய் மேல் கோபமில்லை. தேய்பிறை அஷ்டமி தவறாமல் அதியமான்கோட்டைக்குப் போய்ப் பைரவருக்குச் சாம்பல் பூசணியில் விளக்கு வைக்கிறவள் நான். அந்தச் சாமிக்கு வாகனமே நாய்தான். நாயை வைதால் சாமியை வைத மாதிரி. நான் வைவது நாயை வளர்க்கிறவர்களை. அதிலும் வளர்த்துக்கொண்டே வளர்க்கவில்லை என்கிறவர்களை.

நாய் பீயைப் பால் கவரில் கட்டி மக்கும் குப்பைக்குள் செருகி வைப்பார்கள். நாம் கையை விட்டுத்தான் பிரிக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். இன்னொருத்தர் நாயை விடியற்காலையில் நடத்திக்கொண்டு போய் அடுத்த தெருவில் வெளிக்கு இருக்கவைத்துவிட்டு, தன் வாசலைச் சுத்தமாக வைத்துக்கொள்வார். பிறகு நம்மைக் கூப்பிட்டு, "என்னம்மா கூட்டுறீங்க, தெருவெல்லாம் நாறுது" என்பார். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாதம்மா விஷயத்தைப் பொறுக்க முடியவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, வளர்ப்பு நாய்களைப் பேரூராட்சியில் பதிய வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள். வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், தெருவுக்குக் கூட்டி வந்தால் சங்கிலி வேண்டும், அசிங்கம் பண்ணினால் வளர்க்கிறவரே அள்ள வேண்டும். அவ்வளவுதான் விதி. கஷ்டமான விதி ஒன்றுமில்லை. வீடு வீடாகப் போய் ஞாபகப்படுத்தும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

எங்கள் வார்டில் தக்காளி மண்டி வைத்திருக்கும் ஒருவர் வீடு உண்டு. பெயர் வேண்டாம், மண்டிக்காரர் என்றே சொல்கிறேன். மாடி வீடு, வழுவழுவென்று கருங்கல் தூண், ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட். கேட்டுக்கு வெளியே பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய் படுத்திருக்கும். இடது காது மடிந்திருக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் 'மேனேஜர்'. கேட்டால், "ஊர்ல எல்லாரும் மேனேஜருக்குச் சம்பளம் குடுக்குறான். நான் சம்பளம் குடுக்காம ஒரு மேனேஜர் வெச்சிருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார். தெருவே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன்.

பதிவுக்காகப் போய் நின்றேன்.

"எங்க நாயா? அது எங்க நாய் இல்லம்மா" என்றார். "கேட்டுக்கு வெளிய கெடக்குது பாரு. உள்ள இருந்தா எங்க நாய். வெளிய இருந்தா பேரூராட்சி நாய். நீங்களே பதிஞ்சுக்கோங்க."

"அப்ப அந்தச் சோத்துச் சட்டி யாருதுங்க?"

"வாயில்லாச் சீவனுக்கு ஒரு வாய் சோறு வெச்சா அதுக்கும் வரி போடுவீங்களா? புண்ணியம்மா அது, புண்ணியம்."

"புண்ணியத்துக்குப் பேரு எதுக்குங்க?"

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டீங்க எல்லாரும்" என்று உள்ளே போய்விட்டார்.

ஆரம்பத்தில் அந்த நாய் கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது. பதிவு, ஊசி என்று மைக்கில் சொன்ன பிறகுதான் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்கள். கழுத்துப் பட்டையைக் கழற்றினார்கள். காவல் மட்டும் அதே வீட்டுக்குத்தான். அப்படி ஒரு சாமர்த்தியம்.

மாதம்மா என் கூட வண்டி தள்ளியவள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். அந்த நாயோடு தினமும் பேசுவாள். "என்னாங்க மேனேஜர், இன்னிக்கி லீவா?" என்பாள். அதுவும் வாலை ஆட்டும். ஒரு நாள் காலையில் மேற்பார்வைக்கு நானும் கூடப் போனேன். அந்த வீட்டார் குப்பைக் கூடையைக் கொண்டுவந்து நாய்ச் சட்டிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். சட்டியில் கறி எலும்பு. மாதம்மா கூடையை எடுக்கக் குனிந்தாள். எலும்பைத்தான் எடுக்க வருகிறாள் என்று நினைத்ததோ என்னவோ, மணிக்கட்டுக்கு மேலே கவ்விவிட்டது. விட்டு மறுபடி கவ்வியது. நான் வண்டியிலிருந்த துடைப்பத்தை எடுத்துத் தரையில் அடித்த பிறகுதான் விட்டது. கையிலிருந்து ரத்தம் கொட்டியது.

மண்டிக்காரர் சம்சாரம் கேட்டுக்கு உள்ளிருந்து பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"ஒண்ணும் பண்ணாதே அது. நீ என்ன பண்ணுன?"

"தண்ணி வேணுங்க, சோப்பு வேணுங்க" என்றேன்.

"இரு இரு, மக்குல கொண்டாறேன். கேட்டத் தொறக்காத."

பிளாஸ்டிக் மக்கில் கால்வாசித் தண்ணீரும் ஒரு கைப்பிடி மஞ்சள் தூளும் வந்தது, கம்பி இடுக்கு வழியாக. அதற்குள் தெருவில் ஆள் கூடிவிட்டது. "சுண்ணாம்பு வெய்யி" என்றார் ஒருவர். "மொளகாத்தூளு அப்புனா வெசம் எறங்கிரும்" என்றார் இன்னொருவர். மாதம்மா மிரண்டுபோய் எல்லோர் முகத்தையும் பார்த்தாள்.

அந்த நேரத்தில் என் கண் முன்னால் வந்தவர், பல வருடம் முன்பு எங்கள் தெருவில் இருந்த ஓர் ஆட்டு வியாபாரி. நாய் கடித்ததற்குக் கயிறு மந்திரித்துக் கட்டிக்கொண்டு, சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட்டார். காயம் ஆறிவிட்டது. பிறகு ஒரு நாள் அவர் மனைவி நீட்டிய தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துச் சுவரோடு ஒண்டிக்கொண்டு நடுங்கினாரே, அதை நான் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மருந்து கிடையாது என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு அங்கே இருந்த நர்சம்மா எங்களையெல்லாம் நிற்கவைத்துத் திட்டினார். "கடிச்ச உடனே ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. மேல ஒண்ணும் பூசாதீங்க. நேரா இங்க வாங்க. கோயிலுக்கு அப்புறம் போங்க." அந்த அம்மா பெயர்கூட எனக்குத் தெரியாது. சாமி அன்றைக்கு அவர் வாயால் பேசியது என்றுதான் இன்றும் நம்புகிறேன். சாமி கும்பிடுகிறவர்கள்தான் இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாய்க்கடிக்குச் சாமி மருந்தை ஆஸ்பத்திரியில்தான் வைத்திருக்கிறது.

குழாய் கேட்டுக்கு உள்ளே, துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லின் மேல் சோப்புக் கட்டியும் இருந்தது. கம்பி வழியாக எல்லாம் தெரிந்தது. நான் கேட்டைத் தள்ளினேன். மாதம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"ஏய், எங்க வர்ற? செருப்போட எங்க வர்ற? உங்களையெல்லாம் யாரு உள்ள விட்டது?"

மண்டிக்காரர் சம்சாரம் கத்தினார். குழாயை முழுசாகத் திறந்து அதற்கடியில் மாதம்மாவின் கையைப் பிடித்தேன். சோப்பைக் குழைத்துக் குழைத்துக் கழுவினேன். துவைக்கிற கல்லெல்லாம் ரத்தம். "விடுக்கா, திட்டுறாங்க, போயிரலாம்" என்றாள் மாதம்மா. கை போகிற வலியிலும் அவளுக்கு அந்தத் திட்டுதான் பெரிதாக இருந்தது. "வாய மூடிட்டு நில்லுடி" என்று அவளையும் திட்டினேன்.

பிள்ளைகளே, என் வேலைக் காலம் முழுவதிலும் நான் யோசித்து, பயந்து, பிறகு செய்த காரியங்கள் நிறைய. யோசிக்காமல் செய்தது அந்தக் கேட்டைத் தள்ளியது ஒன்றுதான்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்டார்கள். கடி ஆழம் என்பதால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்துக்குத் தர்மபுரிக்கு அனுப்பினார்கள். போனோம், போட்டார்கள். அங்கே டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். மீதி ஊசிகளை ஒன்றுகூட விடக்கூடாது. கடித்த நாயைக் கட்டிவைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும்; அது சாகாமல் நன்றாக இருந்தால் வெறி இல்லை என்று அர்த்தம். "யார் வீட்டு நாய்? தடுப்பூசி போட்டிருக்கா?" என்று கேட்டார்.

யார் வீட்டு நாய்! அந்தக் கேள்வியோடு நேராக மண்டிக்காரர் வீட்டுக்குப் போனேன்.

"கட்டிப் போடுங்க போதும். பத்து நாள். வேற ஒண்ணும் கேக்கல" என்றேன்.

"எத்தன தடவ சொல்றது? அது எங்க நாய் இல்ல. பேரூராட்சி நாய் பேரூராட்சி ஆளக் கடிச்சிருக்கு. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கோங்க" என்றார். தான் சொன்னதற்குத் தானே சிரிக்கவும் செய்தார்.

மறுநாள் காலையில் போனால் நாய் இல்லை. சட்டியும் இல்லை. சட்டி இருந்த இடத்தைக் கழுவிவிட்டு, மேலே கோலம் போட்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு மாதம்மா பட்ட பாட்டை என்னவென்று எழுதுவது? ஊசி போடுகிறார்கள், மருந்து உள்ளே போகிறது, பயப்படாதே என்று எல்லோரும் சொன்னோம். அறிவுக்கு ஏறியது, மனசுக்கு ஏறவில்லை. "நாயக் காணோம்னா செத்துப் போச்சுன்னுதானக்கா அர்த்தம்? அப்ப அது வெறி நாய்தான?" என்பாள். தினமும் காலையில் வண்டி எடுக்கும் முன்னால் ஒரு சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பாள். பிறகு என் எதிரில் நின்று குடிப்பாள். "எறங்குது பாருக்கா. எறங்குதில்ல?" என்பாள். "எறங்குதுடி" என்பேன். அவளுடைய சின்னப் பெண்ணும் வீட்டில் அம்மா குடிக்கும் ஒவ்வொரு டம்ளரையும் கண் கொட்டாமல் பார்க்குமாம்.

ஒரு நாயைப் பத்து நாள் கட்டிப்போட மனமில்லாத மனிதர், ஒரு குடும்பத்தையே தண்ணீர்ச் சொம்பில் கட்டிப்போட்டார்.

அந்த வாரம் தேய்பிறை அஷ்டமி வந்தது. அதியமான்கோட்டைக்குப் போனேன். பூசணியைக் குடைந்து எண்ணெய் விட்டுத் திரி போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் மண்டிக்காரரின் லோடு வண்டி டிரைவர் முருகேசன் நின்றான். அவன் கையிலும் பூசணி. அவன் கோயில் குளம் என்று போகிற ஆளே இல்லை.

"நீ எங்கடா இங்க?"

"சும்மாதான்க்கா."

"சும்மாவா பூசணி வாங்குவாங்க?"

அவன் திரியை ஏற்றினான். அணைந்தது. மறுபடி ஏற்றினான்.

"ஒரு பாவம் பண்ணிட்டன்க்கா. மேனேஜரத் தொப்பூர்ல எறக்கி விட்டுட்டேன். மொதலாளி சொன்னாரு. சேலத்துக்குத் தக்காளி ஏத்திட்டுப் போறப்ப அப்பிடியே கணவாய்ல விட்டுருன்னாரு. வண்டி பின்னாடியே ஓடியாந்துச்சுக்கா, அந்த லாரிக் கூட்டத்துல. கண்ணாடியில பாத்துக்கிட்டே போனேன். அன்னியிலிருந்து சோறு எறங்கல."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கோயில் என்றும் பார்க்கவில்லை. "சாமிக்குப் பூசணி விளக்கு, சாமி வாகனத்துக்குத் தொப்பூர் கணவாயாடா? அங்க ஒருத்தனக் கடிச்சு வெச்சா அவன் யாருகிட்டப் போயிக் கேப்பான்? எடுடா வண்டிய" என்றேன். வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வெளியே நின்ற லோடு வண்டியில் கிளம்பிவிட்டோம். வழியிலேயே எங்கள் பேரூராட்சிச் செயல் அலுவலருக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் போனில் சொல்லிவிட்டேன்.

தொப்பூரில் சரிவு நெடுகப் பிரேக் சூட்டு வாசனை. ஒவ்வொரு ஓட்டலாக நிறுத்தி, "மேனேஜர்! மேனேஜர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனோம். ஒரு ஓட்டலில் கல்லாவிலிருந்து ஒருவர் பதறிக்கொண்டு எழுந்து வந்தார்.

"நான்தாங்க மேனேஜர். சாப்பாட்டுல எதுனா கொறயா?"

"உங்கள இல்லீங்க" என்றான் முருகேசன். "நாயக் கூப்புட்டோம்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அத்தனை கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல் கேட்டார். "பழுப்பு நாயா? ஒரு காது மடிஞ்சிருக்குமா? பாத்திரம் கழுவுற எடத்துல கெடக்குது. லோடு வண்டி ஒண்ணு வந்து நின்னாப் போதும், ஓடியாந்து எறங்குற ஆளு மொகத்தப் பாக்குது. பாத்துட்டுத் திரும்பிப் போயிடுது."

"யாரையாவது கடிச்சுதாங்க?"

"அதுக்கு எங்கங்க நேரம்? வண்டி பாக்குறதுதான் அதுக்கு வேல."

சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகவில்லை. முருகேசன் தன் வண்டியின் ஹாரனை அடித்தான். வந்தது. ஒரு காலைத் தாங்கித் தாங்கி வந்தது. வண்டியைப் பார்த்ததும் யாரும் கூப்பிடாமலே பின்னால் தாவி ஏறித் தக்காளிக் கிரேடுப் பெட்டிகளுக்கு நடுவில் சுருண்டு படுத்துக்கொண்டது. நாங்கள் கதவைச் சாத்தினோம். (நீங்கள் இப்படிச் செய்யக்கூடாது. கடித்த நாய்க்குப் பக்கத்தில் போகாமல், பிடிக்கத் தெரிந்தவர்களை வரவழையுங்கள். எங்களுக்கு அன்றைக்குச் சாமி துணை இருந்தது.)

தெருவுக்கு வந்து சேரும்போது செயல் அலுவலர் மண்டிக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். கால்நடை ஆஸ்பத்திரி ஆள் கூண்டோடு வந்திருந்தார். மாதம்மாவும் வந்து எதிர்ச் சுவரோரம் நின்றாள். மண்டிக்காரர் வெள்ளை வேட்டி சட்டையில் கேட்டுக்கு உள்ளே நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"சார், நான் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். இந்த நாய்க்கும் எனக்கும் சம்பந்தமே இல்ல. தெருநாய் சார். எத்தனையோ நாய் வரும், போவும். எங்க நாய் இல்லீங்க சார்."

"வெளிய வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார் அலுவலர்.

அவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். முருகேசன் வண்டிக் கதவை லேசாகத் திறந்துதான் காட்டினான். சந்து கிடைத்ததும் நாய் குதித்தது. அவரை நோக்கி ஓடியது. முன்னங்கால் இரண்டையும் அவர் நெஞ்சில் வைத்து, அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு முகத்தை நக்கியது. தொப்பூர் புழுதியெல்லாம் வெள்ளைச் சட்டையில்.

"ஏய் மேனேஜர்! எறங்குடா! எறங்குடா மேனேஜர்!"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது, தான் என்ன சொன்னோம் என்று. அலுவலர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். எதிர் வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "சம்பளம் கேக்க வந்துருக்குங்க!" தெருவே சிரித்தது. மாதம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உசுரோடதான்க்கா இருக்கு" என்றாள். "வாலு ஆட்டுதுக்கா." பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாயைக் கூண்டில் ஏற்றி, பத்து நாள் முடியும்வரை கால்நடை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். அதற்கு ஒன்றுமில்லை. மாதம்மா எல்லா ஊசியும் போட்டு முடித்தாள். அதியமான்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய் அவள் கையாலேயே ஒரு விளக்கு வைக்கச் சொன்னேன். மண்டிக்காரருக்கு அபராதம் போட்டார்கள். கட்டினார். நாய் அவர் பெயரில் பதிவாகி, தடுப்பூசியும் போட்டாயிற்று. சாமி நியாயம் செய்துவிட்டது, இத்தோடு முடிக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் அந்தத் தெரு வழியாக ரேஷன் கடைக்குப் போனேன். மேனேஜர் கழுத்தில் புதுப் பட்டையோடு கேட்டுக்கு உள்ளே, துவைக்கிற கல் நிழலில் படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு பேசின் நிறையத் தண்ணீர். மாதம்மா கேட்டுக்கு வெளியே நின்று குப்பைக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல வெயில். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டாள் போல. மண்டிக்காரர் சம்சாரம் வந்தார். கம்பி இடுக்கு வழியாக அதே பிளாஸ்டிக் மக்கை நீட்டினார்.

மாதம்மா வாங்கிக் குடித்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "எறங்குதுக்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாய் யாருடையது என்று அந்த வீட்டுக்கு விதி போட்டுப் புரியவைத்துவிட்டோம். மாதம்மா யார் என்று எந்த விதியில் எழுதிப் புரியவைப்பது?

பிள்ளைகளே, கூடையைச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் எடுக்காதீர்கள், தள்ளி வைக்கச் சொல்லுங்கள். "ஒண்ணும் பண்ணாது" என்றால், "கட்டிட்டுச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லுங்கள். பணிவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள். அப்படியும் கடித்துவிட்டால் மக்குத் தண்ணீருக்காக நின்றுகொண்டிருக்காதீர்கள். எந்த வீட்டிலும் குழாய் உள்ளேதான் இருக்கும். கேட்டைத் தள்ளுங்கள்.